கண்ணாடியில் ஒட்டாத செல்போன் ஸ்டாண்டு

மகன் கார் வாங்கியதிலிருந்து இரண்டு வருடம் முன்சீட்டு எனக்குத்தான். சும்மா கிடைத்த இடம் இல்லை. விருத்தாசலத்துப் பீங்கான் சாமான்களைக் கடைகளுக்குப் போடுவது அவன் தொழில். ஞாயிறுதோறும் மருமகளைத் திட்டக்குடியில் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு அங்குள்ள கடைகளைப் பார்ப்பான், மாலையில் அழைத்துக்கொண்டு திரும்புவான். வழியெல்லாம் செல்போன் அடிக்கும். யார் என்று பார்த்துச் சொல்லி அவன் காதருகே பிடிப்பது என் வேலை. போய்வர எப்படியும் பதினான்கு அழைப்புகள்.

இரண்டாயிரத்து ஒன்பது ஆவணியில் அவன் ஒரு ஸ்டாண்டு வாங்கி வந்தான். அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ரப்பர் கிண்ணம். முன்கண்ணாடியில் வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். செல்போனை அதில் செருகி ஸ்பீக்கரில் பேசலாம்.

"இனிமே நீங்க பின்னாடி வசதியா ஒக்காரலாம்பா" என்றான், உபகாரம் செய்கிறவனைப் போல. முன்சீட்டு மருமகளுக்குப் போயிற்று. வேலை போனாலும் நான் வண்டியை விட்டு இறங்கவில்லை.

புதிதாக எது வந்தாலும் பொட்டு வைக்காமல் எங்கள் வீட்டில் தொடமாட்டோம். கிரைண்டருக்கு வைத்தோம், டிவிக்கு வைத்தோம். ஸ்டாண்டில் வேறு அகலமான இடம் இல்லாததால் மருமகள் ரப்பர் கிண்ணத்தின் உட்புறத்திலேயே மூன்று சந்தனப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் இட்டாள். மகன் அதை அப்படியே கண்ணாடியில் அழுத்தினான்.

நான் முப்பத்தொரு வருடம் பீங்கான் பட்டறையில் இருந்தவன். அழுக்கு இருக்கும் இடத்தில் எந்தப் பூச்சும் பிடிக்காது. ரப்பருக்கும் அதே கதைதான் என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

நான்காவது வேகத்தடையில் ஸ்டாண்டு செல்போனோடு மருமகள் மடியில் விழுந்தது. ஒன்பதாவதில் கியர் மேல். மகன் விற்றவனைத் திட்டினான். வெயில் காரணமாக இருக்கும் என்று பின்சீட்டிலிருந்து கருத்துச் சொன்னேன்.

அடுத்த வாரம் அவன் ரப்பரை ஈரத்துணியால் துடைத்துவிட்டான். ஆகவே புறப்படும் முன் இருவர் நெற்றியிலும் கோயில் விபூதி பூசி, யாரும் பார்க்காதபோது மிச்சத்தை ரப்பருக்கும் பூசினேன். ஞாயிறுதோறும் இதே பக்தி. நான்கு ஞாயிறில் இருபத்திரண்டு முறை விழுந்தது. இன்னும் இரண்டு முறை விழுந்தால் மகனே தூக்கி எறிந்துவிடுவான், முன்சீட்டு என்னிடம் வந்துவிடும் என்பது என் கணக்கு.

ஐந்தாவது ஞாயிறு காலை விபூதி விரலோடு காருக்குள் குனிந்திருந்தேன். கதவருகே மருமகள்.

"ரப்பருக்குமா மாமா?"

"நல்லதுதானேம்மா."

அவள் முந்தானையால் ரப்பரைத் துடைத்தாள். "பின்னாடி ஒக்காந்தா எனக்கு வாந்தி வருதுங்க. ரெண்டு வருஷமா எலுமிச்சம்பழத்த மோந்துகிட்டேதான் போயிட்டு வந்தேன். உங்களுக்கு என்னங்க வருது?"

"கோவம் வருது" என்றேன்.

சிரித்துவிட்டாள். வாரம் ஒன்று என்றாலும் நூற்று நான்கு எலுமிச்சம்பழம். அழைப்புகளை எண்ணியவன் என் முதுகுக்குப் பின்னால் நடந்ததை எண்ணவில்லை. அவளே வழியும் சொன்னாள். திரும்பும்போது அவள் தூங்கிவிடுவாளாம், தூங்கினால் வயிறு ஒன்றும் செய்யாதாம். போகும்போது அவள் முன்னால், வரும்போது நான். மகனிடம் எதுவும் சொல்வதில்லை என்றும் முடிவாயிற்று.

அன்று மாலை முன்சீட்டில் வந்தேன். பத்தொன்பது வேகத்தடையிலும் ஸ்டாண்டு அசையவில்லை. செல்போன் அடித்ததும் என் கை தானாக நீண்டது. மகன் அதை விலக்கிவிட்டு ஸ்பீக்கரைப் போட்டான். வீட்டிலிருந்து என் மனைவி.

"உங்கப்பா முன்னாடி இருக்காரா, பின்னாடியா?"

"முன்னாடிதாம்மா."

"அப்பாடா. பின்சீட்டுல போட்டுட்டானே போட்டுட்டானேன்னு நாலு வாரமா பொலம்பி என் தூக்கமே போச்சு. நான் கேட்டேன்னு அவருகிட்ட சொல்லிடாத."

பின்சீட்டில் மருமகள் தூங்கவில்லை என்பது அவள் சிரிப்பில் தெரிந்தது. நான் ஸ்டாண்டுப் பக்கம் குனிந்து, "சொல்லமாட்டான்" என்றேன்.