மழையில் விழுந்துகொண்டே இருந்த ஆட்டுக்குட்டி

போன வருடம் ஆவணிப் பௌர்ணமியை ஒட்டி நடந்தது இது. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலைதான் எங்கள் ஊர். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா பௌர்ணமிக்குப் பௌர்ணமி வீட்டு வாசலில் மேசை போட்டு, மலை சுற்ற வருபவர்களுக்குச் சுக்குக் காபியும் அவித்த வேர்க்கடலையும் விற்பார். மற்ற நாட்களில் எங்கள் ஆடுகளோடும் கொல்லைக்காட்டில் கிடைக்கும் கூலி வேலையோடும் அவர் பொழுது போய்விடும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போய்ப் படித்தவன் நான் ஒருவன்தான்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு, செங்கம் சாலையில் ஒரு விடுதியின் வரவேற்பில் உட்கார்ந்திருந்தேன். அறைச் சாவி கொடுப்பது, வெந்நீர் வரவில்லை என்றால் ஓடிப்போய்ப் பார்ப்பது, இதுதான் வேலை. அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் படித்த படிப்பு கையில் துருப்பிடித்துக்கொண்டே போவது போல இருந்தது. அப்போதுதான் சென்னையில் வீடியோ கேம் தயாரிக்கும் ஒரு சின்ன நிறுவனம், கேம்களை ஆடிப் பார்த்துக் குறைநிறை சொல்ல ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். விண்ணப்பித்தேன். சில பேரைத் தேர்ந்தெடுத்து ஒரு சோதனை வைத்தார்கள். அவரவர் வீட்டிலிருந்தே, அவரவர் போனில், அவர்கள் தரும் கேமை ஆடவேண்டும். அதில் எது பலம், எது எரிச்சல் என்று எழுதித் தரவேண்டும். எங்களில் ஒருவருக்குத்தான் வேலை.

கேம் பார்க்கச் சாதாரணமாக இருந்தது. ஓர் ஆட்டுக்குட்டி, ஒரு பெரிய பாறைக் கோபுரம். ஆட்டுக்குட்டியைத் தாவவைத்துத் தாவவைத்து உச்சிக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு தாவல் தப்பினால், எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் நேராகத் தரைக்கு வந்துவிடும். மறுபடி முதலிலிருந்து.

முதல் நாள் முழுக்க விழுந்துகொண்டே இருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து செடியிலிருந்து கடலை உருவிக்கொண்டிருந்த அம்மா கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னாடா இது, இப்படி விழுது? நம்ம ஆடு எதுனா ஒண்ணு பாறையிலேருந்து விழுந்து பாத்திருக்கியா நீ?"

கேம்மா இது, அப்படித்தான் இருக்கும் என்றேன்.

"நாள் பூரா விழறதுக்கா சம்பளம் தராங்க?" என்று சிரித்துவிட்டு எழுந்து போனார். அப்பா சிரிக்கவில்லை. விடுதி வேலைக்கு லீவு போட்டுவிட்டு இதை ஆடுகிறானே என்று அம்மாவிடம் முணுமுணுத்துவிட்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆனால் இரண்டு மூன்று நாளில் அந்த கேம் எனக்குப் பிடித்துப்போனது. கல் உடையப் போகிறது என்றால் அதற்கு முன்னால் அதிலிருந்து கொஞ்சம் மண் உதிரும். காற்று அடிக்கப் போகிறது என்றால் புல் முதலில் சாயும். கவனித்தால் தப்பிக்கலாம். கவனிக்காவிட்டால் விழவேண்டியதுதான். விழும்போதெல்லாம் எரிச்சலாக வரும். ஆனால் ஏன் விழுந்தோம் என்று தெரியும். நேற்று நடுங்கிக்கொண்டே தாண்டிய கல்லை இன்று வேறு எதையோ நினைத்துக்கொண்டே தாண்டுவேன். என் கைக்கு யாரும் சொல்லித்தராமல் ஒன்று வந்திருக்கிறதே என்று சந்தோஷமாக இருக்கும். இலவசமாக எதையும் தராத கேம், தந்ததைத் திரும்பப் பிடுங்கவும் இல்லை.

முக்கால் உயரம் வரை இப்படித்தான். அதற்கு மேல் மழை பெய்யும். மழைக்குள் போனதும் என் ஆட்டுக்குட்டி கல் விளிம்பில் தாவாமல் அப்படியே நடந்து கீழே போய்விடும். நான் சீக்கிரம் அழுத்தினேனா, தாமதமாக அழுத்தினேனா என்று புரியவில்லை. சீக்கிரம் அழுத்திப் பார்த்தேன். தாமதித்துப் பார்த்தேன். விரலைத் துடைத்துவிட்டு அழுத்திப் பார்த்தேன். சில சமயம் தாவும், பல சமயம் தாவாது. ஒரு கல் தாண்டினால் அடுத்த கல்லில் விழுவேன். மண் உதிர்வது போல, புல் சாய்வது போல இங்கே எந்த அறிகுறியும் இல்லை.

சோதனையில் இருந்த எங்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருந்தது. அதில் ஒவ்வொருவராக உச்சியில் நிற்கும் ஆட்டுக்குட்டியின் படத்தைப் போட ஆரம்பித்தார்கள். கடைசியில் நான் மட்டும்தான் பாக்கி. திங்கட்கிழமை காலை ஆன்லைனில் எல்லோரையும் கூப்பிட்டுப் பேசுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

கேமில் கோளாறு இருக்கலாம் என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. என்னைப் போல வீட்டில் முதல் ஆளாகப் படித்தவர்களுக்கு இது புரியும். வகுப்பில் பாடம் விளங்கவில்லையா, என் மண்டை சரியில்லை. ஆன்லைனில் விண்ணப்பம் பாதியில் நிற்கிறதா, நான்தான் எதையோ தப்பாக அழுத்தியிருப்பேன். இது சரியா என்று வீட்டில் கேட்க ஆள் இல்லாதவன், தப்பு தன்னிடம் என்று முதலிலேயே எடுத்துக்கொள்வான். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். மற்றவர்களுக்கு இருக்கும் கை நமக்கு இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். விடுதிக்கே திரும்பிப் போய்விடலாம் என்றும் மனதைத் தயார் செய்துகொண்டேன்.

இடையில் பௌர்ணமி வந்தது, சனிக்கிழமை. மதியத்திலிருந்தே கூட்டம் நடக்க ஆரம்பித்துவிட்டது. எங்கள் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் வரிசையாக பிளக் பாயின்ட் வைத்துப் போன் சார்ஜ் போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. மலை சுற்றுபவர்கள் வழியெல்லாம் படம் எடுத்துக்கொண்டே வருவதால், எங்கள் ஊர் வருவதற்குள் பாதிப் பேருக்கு சார்ஜ் இறங்கிவிடும். போனைக் கொடுத்துவிட்டு எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து காபி குடிப்பார்கள்.

அன்று சாயங்காலம் வேலூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மாமாவும் மச்சானும்; மாமா என்றால் மச்சானுடைய அக்கா புருஷன். வழியெல்லாம் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே வந்திருக்கிறார்கள் என்பது உட்காரும்போதே தெரிந்தது. போன்கள் சார்ஜில் இருக்க, மச்சான்காரர் என் கையில் இருந்த கேமைப் பார்த்துவிட்டார். இன்னாப்பா இது, கொடு பாக்கலாம் என்று வாங்கிக்கொண்டார்.

"வாணாம்டா," என்றார் மாமா. "மலையைச் சுத்தி வரதுக்குள்ள நாலு எடத்துல உக்காந்துட்ட. நீ எங்க மலை ஏறப் போற?"

ஆனால் மச்சான்காரர் கை தேர்ந்த கை. விழுந்து எழுந்து, காபி ஆறிப்போகும்வரை ஆடி, மழை வரும் இடத்துக்கு வந்துவிட்டார். விளிம்பில் ஆட்டுக்குட்டி தாவாமல் கீழே போனது. மறுபடி ஏறினார். மறுபடி அதே இடம், அதே விழுகை. நான் மனதுக்குள், பரவாயில்லை, இவருக்கும் வரவில்லை என்று ஆறுதல்பட்டுக்கொண்டிருந்தேன். அவர் போனை என்னிடம் நீட்டிவிட்டு, சர்வ சாதாரணமாகச் சொன்னார்.

"நான் அழுத்தனேன் தம்பி, அது கேக்கல. உங்க கேம் சரியில்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனை நாளாக விழுந்த என் வாயில் இந்த வார்த்தை ஒரு தடவைகூட வரவில்லை. இவர் மழையில் இரண்டு தடவை விழுந்ததும் சொல்லிவிட்டார்.

"விழுந்ததும் கேம் மேல பழி போடறான் பாரு," என்று மாமா கிண்டலடித்தார். மச்சான்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. சார்ஜில் இருந்த தன் போனை எடுத்தார். புதியது, விலை அதிகமானது. நிறுவனம் அந்த கேமை யார் வேண்டுமானாலும் ஆடிப் பார்க்கட்டும் என்றுதான் விட்டிருந்தது. அதனால் அதில் ஏற்றிக் கொடுத்தேன். முதல் தடவையே மழைக்குள் கல் கல்லாகத் தாவிப் போனது ஆட்டுக்குட்டி. அழுத்திய அதே நொடியில் தாவியது. அடுத்து மாமாவின் பழைய போனில் ஏற்றினோம். என் போனில் விழுந்தது போலவே விழுந்தது.

அம்மா கடலை கட்டிக் கொடுத்தார். அவர்கள் தங்கள் வழியே நடந்துவிட்டார்கள். அந்த மச்சான்காரரின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக உட்கார்ந்து யோசித்தேன். மழை பெரிதாகும்போது திரையில் ஆயிரம் துளிகள் ஓடுகின்றன. அதை வரையவே விலை கம்மியான போனுக்கு மூச்சு முட்டுகிறது. அந்த நேரம் பார்த்து நாம் அழுத்தினால் அது கவனிப்பதில்லை. நினைத்தது சரிதானா என்று காட்ட, என் விரலும் திரையும் சேர்ந்து தெரிகிற மாதிரி வீடியோ வேண்டும். அப்பாவின் போனை வாங்கி எதன் மேல் சாய்த்து வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் புடிக்கிறேன் என்று அப்பா வந்து நின்றார். கை ஆடாமல் நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். நாலைந்து தடவை விழுந்ததும் அவரே சொன்னார்.

"நீ தட்டறது எனக்கே தெரியுதுடா. அது பாட்டுக்கு நிக்குதே."

திங்கட்கிழமை காலை, மாடியில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் என்று அங்கே போய் உட்கார்ந்தேன். நிறுவனத்தின் தலைவியும், அந்தக் கேமை எழுதியவரும் பேசினார்கள். எனக்கு முன்னால் பேசிய ஒருவர், எல்லாமே சூப்பர் என்றார். இன்னொருவர், ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது, பாதியைக் குறைத்துவிடுங்கள் என்றார். பிறகு என் முறை. நீங்கள் மட்டும்தான் முடிக்கவில்லை போலிருக்கிறதே என்று அந்த மேடம் கேட்டார்.

முடிக்கவில்லை, என் போனில் யாராலும் முடிக்க முடியாது என்றேன். கேமை எழுதியவர் பொறுமையாக, இது கஷ்டமான கேம், அப்படித்தான் செய்திருக்கிறோம், கை பழக வேண்டும் என்றார். பழைய நான் அதோடு சரிங்க சார் என்று முடித்திருப்பேன்.

"கஷ்டமா இருக்கறதுதாங்க சார் எனக்குப் புடிச்சதே," என்றேன். "அதுல ஒண்ணுகூட கம்மி பண்ணாதீங்க. எங்க ஊர்ல மலை சுத்த வரவங்க பதினாலு கிலோமீட்டர் செருப்பில்லாம நடக்கறாங்க. கால் கொப்பளிக்கும்னு தெரிஞ்சேதான் வராங்க. தூரத்தைக் கம்மி பண்ணுங்கனு யாரும் கேட்டதில்ல. ஆனா எடுத்து வெச்ச அடி எடுத்து வெச்சதா இருக்கணும் இல்லீங்களா? மழையில நான் வெக்கற அடியை உங்க கேம் கணக்குலயே எடுத்துக்க மாட்டேங்குது."

அதிகம் பேசிவிட்டேன், போச்சு என்று நினைத்தேன். வீடியோவை அனுப்புங்கள் என்றார் மேடம். அனுப்பினேன். கேமை எழுதியவர் ஒரு தடவை பார்த்தார், மறுபடி போட்டுப் பார்த்தார். என்ன போன், எத்தனை வருடப் பழசு என்று கேட்டுக்கொண்டார். அலுவலகத்தில் எல்லோரிடமும் நல்ல போன்கள்தான் இருக்கின்றன என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தார். அப்படியானால் விழுந்தவர்கள் தரைக்கு வராமல் அங்கிருந்தே தொடர, பாதி உயரத்தில் ஒரு நிறுத்தம் வைத்துவிடலாமா என்று என்னிடமே கேட்டார்.

வேண்டாம் என்றேன். தவறு செய்து விழுந்தவன் தரைக்கு வரட்டும். அப்படி வந்ததால்தான் என் கை பழகியது. ஆனால் நடுவில் ஒரு போன் வந்தாலும் ஆட்டுக்குட்டி தரைக்கு வந்துவிடுகிறதே, அதை மாற்றுங்கள் என்றேன். கிரிவலம் போகிறவர் வழியில் ஒரு லிங்கத்துக்கிட்டே உட்கார்ந்து ஓய்வெடுத்தால், எழுந்து அங்கிருந்துதானே நடக்கிறார், ராஜகோபுரத்துக்குத் திரும்பிப் போய் ஆரம்பிப்பதில்லையே என்றேன். மேடம் எழுதிக்கொண்டார்.

வேலை எனக்குத்தான் என்று அந்த வாரமே சொன்னார்கள். அம்மா தெரிந்தவர்களிடமெல்லாம், என் புள்ள ஆட்டுக்குட்டி விழுந்ததுக்கு ஞாயம் கேட்டு வேலை வாங்கிட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். விளக்கிச் சொல்லச் சொன்னால் அவருக்குத் தெரியாது. அதனால் கதை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போனது. அப்பாவோ, ஸ்டாண்டில் இருக்கும் மற்ற டிரைவர்களின் போன்களை வாங்கிக்கொண்டு வந்து, இதுலயும் போட்டுப் பாரு என்று கொடுத்தார்.

சில வாரங்கள் கழித்துப் புதிய பதிப்பு வந்தது. என்னென்ன மாற்றியிருக்கிறார்கள் என்று சொல்லும் குறிப்பில், சில போன்களில் மழையின்போது தாவல் பதிவாகாத குறை நீக்கப்பட்டது என்று ஒரு வரி. என் பெயர் அதில் இல்லை. அப்படிப் போடுவது வழக்கமும் இல்லை. ஆனாலும் அதைப் படித்துவிட்டு மாடியில் ரொம்ப நேரம் நடந்துகொண்டிருந்தேன். பிறகு உட்கார்ந்து, அதே பழைய போனில், கீழிருந்து ஆரம்பித்தேன். மழைக்குள் நுழைந்தேன். அழுத்தினேன், தாவியது. ஒரு கல்லில் நான் அவசரப்பட்டேன், விழுந்தேன். அந்தத் தடவை விழுந்தபோது எரிச்சலே வரவில்லை, அது முழுக்க என்னுடைய தவறு. அன்று மாலைக்குள் உச்சிக்குப் போய்விட்டேன்.

கேம் ஆடுவதால் என்ன பிரயோஜனம் என்று இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள். நேரத்தைத் தின்னும், கோபத்தைக் கிளப்பும், கண் எரியும், எல்லாம் உண்மைதான். ஆனால் எதிலாவது தடுக்கி விழும்போது, தப்பு என் மேலா அதன் மேலா என்று நின்று பார்த்து, என் மேல் என்றால் மறுபடி முயலவும், அதன் மேல் என்றால் தலைநிமிர்ந்து சொல்லவும் எனக்குத் துணிவு வந்தது அந்த மழையில்தான். படித்த படிப்போடு சேர்த்து அதையும் நானே சம்பாதித்தேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.