நாற்காலியை விட்டுக்கொடுத்த சிஸ்டர்

என் ஓரகத்தி நர்ஸ். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் சிஸ்டர், எனக்கு அக்கா. ஒரே அடுப்பில் சமைக்கிறோம், அதனால் அவளைத் திட்டும் உரிமை எனக்கு முழுசாக உண்டு.

ஆஸ்பத்திரிகளுக்கு விதி எழுதும் அரசுக் குழுவில் முதல் முறையாக நர்ஸ்களுக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள். சக நர்ஸ்கள் அக்காவை அனுப்பினார்கள். அவள் கேட்கப்போனது ஒன்றுதான்: இரவில் எந்த வார்டிலும் நர்ஸ் தனியாக இருக்கக் கூடாது.

காரணம் இருந்தது. போன மழைக்காலத்தில் ஓர் இரவு, வார்டின் ஒரு கோடியில் வலிப்பு வந்தவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மறுகோடியிலிருந்து ஒரு பெரியவர், "சிஸ்டர்" என்று கூப்பிட்டார். "இதோ வரேன் ஐயா" என்றாள். போய்ப் பார்த்தபோது அவர் உயிர் போயிருந்தது. வீட்டில் ஒருமுறை சொன்னதோடு சரி, பிறகு அவள் அதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை.

முதல் கூட்டத்துக்கு என்னுடைய நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு போனவள், நொண்டிக்கொண்டு திரும்பினாள்.

"என்னக்கா ஆச்சு?"

"எங்க பெரிய டாக்டரும் அந்தக் குழுவுல இருக்காரு. லேட்டா வந்தாரு. நாற்காலி இல்ல. எழுந்துட்டேன்."

"எதுக்கு?"

"வார்டுல டாக்டர் வந்தா எழுந்திருக்கிறதுதானே வழக்கம்? கால் தானா எழுந்துடுச்சுடி."

கூட்டம் முடியும்வரை சுவரோரம் நின்றிருக்கிறாள். மேஜையைச் சுற்றி இருந்தவர்களிடம் மட்டுமே கருத்துக் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் இவளிடம் தண்ணீர் கேட்டாராம். இவளும் எடுத்துக் கொடுத்தாளாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களைப் பேச அனுப்பினாங்களா, தண்ணி ஊத்த அனுப்பினாங்களா?"

அவள் முகம் சுண்டிப்போயிற்று. "அடுத்த கூட்டத்தோட எல்லாத்தையும் முடிச்சிடுவாங்கடி" என்றாள். நான் கொஞ்சம் குரலைத் தணித்திருக்கலாம்.

அடுத்த கூட்டத்துக்கும் பெரிய டாக்டர் தாமதம். நேரத்துக்கு வந்திருந்தால்தான் அதிசயம். நாற்காலி இல்லை, எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் மேஜை விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பேசிட்டிருக்கேன் சார்."

பியூன் பக்கத்து அறையிலிருந்து நாற்காலி தூக்கி வரும்வரை டாக்டர் நின்றார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அக்கா அந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்லி முடித்தாள்.

டாக்டர் கெட்டவர் இல்லை. உண்மையான வருத்தத்தோடுதான் கேட்டிருக்கிறார்: "நான் பக்கத்துக் கட்டடத்துலதானே இருந்தேன் சிஸ்டர்? ஆள் அனுப்பியிருந்தா ஓடி வந்திருப்பேனே?"

"யாரை சார் அனுப்புறது?"

அவள் கேட்ட விதி அன்றைக்கே நிறைவேறியது.

அதைக் கேட்டு நான் குதித்தேன். அக்கா குதிக்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"இனிமே யாராவது கூப்பிட்டா, ஒருத்தி போய்ப் பார்க்கலாம்டி" என்றாள்.