சிலுவைக்குப் பக்கத்தில் இன்னொரு சிலுவை

என் கணவர் முல்லைத்தீவுக் களப்பில் தனியாகத் தோணி தள்ளி வலை விடுபவர். அவருடைய வலது கண்ணில் புரை எடுக்கப் போனபோது, டொக்டர் ஒரு படத்தைக் காட்டி விளக்கினார். கருவிழி சரியான வட்டமாக இல்லையாம். ஒரு பக்கத்தில் வளைவு கொஞ்சம் கூடவாம். புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கும் வழமையான வில்லை இலவசம். வளைவையும் சேர்த்துத் திருத்தும் வில்லை வேண்டுமென்றால் நாங்கள்தான் வெளியில் வாங்க வேண்டும். அவர் சொன்ன விலைக்கு ஒரு புது வலையே வாங்கலாம்.

“வளைவு சின்னன்தான். இன்னொரு வழியும்...” என்று டொக்டர் தொடங்கினார்.

நான் விட்டால்தானே! “சின்னன் எண்டா விடுங்கோ டொக்டர். இலவசமானதே காணும். மிச்சத்துக்கு இவர் கண்ணாடி போடுவார்” என்றேன். கணவர் பக்கத்தில்தான் இருந்தார். கண் அவருடையது, அவரை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பி வந்த பஸ்ஸில், ஒரு வலையை மிச்சம் பிடித்துவிட்டேன் என்று எனக்குச் சந்தோசத்தில் ஒரே புளுகம்.

புரை போனதும் உலகம் வெளிச்சமானது உண்மைதான். ஆனால் தூரத்தில் எதைப் பார்த்தாலும் பக்கத்தில் ஒரு நிழல் ஒட்டிக்கொண்டு நின்றது. கண்ணாடி போட்டால் நிழல் போய்விடும். களப்பில் கண்ணாடி நிற்குமா? வலை பின்னும் தங்கூசி நூலால் காதோடு கட்டிப் பார்த்தார். உப்புத் தண்ணீர் தெறிக்கும், துடைப்பார், மறுபடி தெறிக்கும். கடைசியில் கண்ணாடி ஒரு தகரப் பெட்டிக்குள் போய்விட்டது. “எங்கை கண்ணாடி?” என்று கத்துவேன். “கிடக்கு” என்பார்.

பின்னேரம் வலை விட்டு விடிய எடுப்பார். வலை கிடக்கும் இடத்துக்கு அடையாளம் கரையில்தான் இருந்தது. கோயில் உச்சியில் உள்ள சிலுவையும் அதற்குப் பின்னால் நிற்கும் மொட்டைப் பனையும் நேருக்கு நேர் வந்தால் அது அவருடைய இடம். ஒருநாள் விடிய அவருக்குச் சிலுவைக்குப் பக்கத்தில் இன்னொரு சிலுவை தெரிந்தது. இல்லாத சிலுவைக்குப் பனையை நேராக்கிக்கொண்டு போய், அங்கே கிடந்த வலையை இழுத்துத் தோணியில் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார். எல்லோரும் ஒரே கடையில் வாங்கும் ஒரே நிற வலை. ஆனால் அந்த வலைக்குச் சொந்தக்காரனான ஊர்த் தம்பி ஒருவன் கரையில் நின்றான். கிழிந்து தான் பொத்திய இடங்களை அவனுக்குத் தெரியாதா?

எங்கள் கரையில் அடுத்தவன் வலையில் கை வைப்பதைவிடக் கேவலம் கிடையாது. மீனவர் சங்கக் கூட்டத்தில் இவரை எழுப்பி விசாரித்தார்கள். “பிழையாப் போச்சு” என்றார். அவ்வளவுதான். கண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை.

“ரெண்டாத் தெரிஞ்சதெண்டு வாயைத் திறந்து சொல்லுங்கோவன்!” வீட்டில் நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

“நீயும் ஒருத்தரிட்டையும் கதைக்கக் கூடாது” என்றார். செபமாலையைக் கையில் தந்து சத்தியமும் வாங்கினார். கண் தெரியாதவனைத் தொழிலுக்கு விடமாட்டார்கள் என்ற பயமாக்கும் என்று நினைத்தேன். தொழிலுக்குப் போவதை அவராகவே நிறுத்திவிட்டபோது அந்த நினைப்பும் பொருந்தவில்லை. குழாயடியில் எனக்குக் கேட்கும்படியே, “கள்ளன்ரை பெண்சாதி வாறா” என்றார்கள். அந்தக் கோபத்தையும் அவர் மேலேயே கொட்டினேன்.

இடது கண்ணின் முறை வந்தபோது சீட்டுக் காசை எடுத்து மடியில் முடிந்துகொண்டு போனேன். “என்ன விலையெண்டாலும் பறவாயில்லை டொக்டர், அந்த நல்ல வில்லையைப் போடுங்கோ.”

“இந்தச் சின்ன வளைவுக்கு அது தேவையில்லை அம்மா. புரை எடுக்க எப்பிடியும் கருவிழி ஓரத்தில ஒரு வெட்டுப் போடவேணும். வளைவு கூடின பக்கமாப் பாத்து அதைப் போட்டா, வளைவும் குறைஞ்சிடும்.”

“அதுக்கு எவ்வளவு?”

“ஒரு சதமும் இல்லை. போனமுறையும் இதைத்தான் சொல்ல வந்தனான். நீங்கள் சொல்ல விடேல்லை, வளைவை அப்பிடியே விடச் சொன்னியள்.”

ஐயோ, ஆண்டவரே! மடியில் கிடந்த காசை இறுக்கிப் பிடித்தபடி இருந்தேன். கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண் ஆறிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் வாசலில் நின்று வலது கண்ணைப் பொத்திக்கொண்டு மேலே பார்த்தார். “ஒண்டு” என்றார். இடது கண்ணைப் பொத்தினார். “ரெண்டு.” சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பூசை முடிந்து வெளியே வந்த அந்த வலைக்காரத் தம்பியை வாசலிலேயே மறித்தேன். சத்தியமாவது ஒன்றாவது! இரண்டு சிலுவை தெரிந்த கதையைச் சனம் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னேன். அவன் முகம் செத்துப்போயிற்று.

“அண்ணை, இதை அண்டைக்கே கூட்டத்தில சொல்லியிருக்கலாமே?”

கணவர் என்னைப் பார்க்காமல் அவனிடம் சொன்னார்: “சொன்னா, ஏன் கண்ணைச் சரியாச் செய்யேல்லை எண்டு கேப்பியள். மனுசிதான் நல்ல வில்லை வேண்டாமெண்டவா எண்டு நான் சபையில சொல்லவேணும். அதுக்குக் கள்ளனாவே இருந்திட்டுப் போவம் எண்டு விட்டிட்டன்.”