முனிரத்தினத்தின் கேஸ் ஷீட்

முதல் நாளே சண்டை. அதுவும் ஒரு கையெழுத்துக்காக.

திருப்பதியில் ஒரு மனநல வார்டில் நான் நர்ஸ். ஓய்வுபெற நாலைந்து வருஷம் இருக்கும்போது ஒரு திட்டம் வந்தது. நோயிலிருந்து மீண்டவர்களையே சம்பளத்துக்கு எடுத்து, மற்ற நோயாளிகளுக்குத் துணையாக வைக்கும் வேலை. பியர் சப்போர்ட் ஒர்க்கர் என்று பெயர். எங்களுக்கு வந்தவர் முனிரத்தினம். நகரியில் பவர்லூம் ஓட்டியவர், எங்கள் வார்டிலேயே இரண்டு முறை அட்மிட் ஆனவர். வந்ததும் ஸ்டாஃப் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடப் போனார். நான் பட்டென்று மூடினேன்.

"நீ இதுல போடக் கூடாதுப்பா. உனக்கு வேற நோட்டு தரேன்."

"ஏன் சிஸ்டர், நானும் வேலைக்குத்தான வந்துகீறேன்?"

வேறு நோட்டு கொடுத்தேன். அதையே பெரிய உபகாரமாக நினைத்துக்கொண்டேன், வெட்கம் கெட்டவள்.

ஊர் சனம் பாதி சென்னைப் பக்கத்துக் கம்பெனிகளுக்கு வேனேறிக்கொண்டிருந்த காலம் அது. அப்படி வேனில் போய்வந்த கன்னியம்மா, நாகலாபுரத்துப் பெண், மூன்றாவது முறை அட்மிட் ஆகியிருந்தாள். வீட்டுக்குப் போனால் மாத்திரையை நிறுத்திவிடுவாள். நாங்களும் திட்டாத திட்டில்லை. முனிரத்தினம் அவள் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"நானும் மாத்திரய துப்பிக்கினு இருந்தவன்தாம்மா. தறியில நின்னா கண்ணு சொக்கும். உனுக்கு எப்புடி?"

அவள் அழுதுவிட்டாள். "எனுக்கும் அப்புடிதாண்ணா. தூங்கி வுழுந்தா மெசின்ல கை போய்டும். அதான் துன்றதில்ல."

மூன்று அட்மிஷனில் நாங்கள் ஒருத்தர்கூடக் கேட்காத கேள்வி அது.

மறுநாள் ரவுண்ட்ஸில் டாக்டர், டோஸை ஏற்றச் சொன்னார். முனிரத்தினம் முன்னால் வந்தார். "ஏத்தாதீங்க சார். பகல்ல தூக்கம் வர்றதாலதான் வுட்டுடறாங்க. வேற மாதிரி மாத்திக் குடுக்க முடியுமான்னு பாருங்க."

டாக்டர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னிடம் தெலுங்கு கலந்து, "ஏமம்மா, இவரு ஒழுங்கா மாத்திர சாப்புடறாரா?" என்றார்.

முனிரத்தினம் கட்டில் கம்பியில் ஓங்கித் தட்டினார். "நான் அந்தப் பொண்ணப் பத்தி பேசிக்கினு கீறேன். நீங்க என்னப் பத்தி கேக்கறீங்களே, சார்!"

முந்தின வாரம் இதே டாக்டர் என் மேல் ஒரு ஃபைலை விட்டெறிந்திருந்தார். அதை யாரும் எதிலும் எழுதவில்லை. இப்போது, "ராயண்டி சிஸ்டர்" என்றார், எழுதுங்கள் என்று.

எதை, எதில் என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முனிரத்தினத்தின் பழைய கேஸ் ஷீட் ரெக்கார்டு ரூமில்தான் இருந்தது. வேலைக்கு எடுத்தவர்கள் அதைப் பூட்டிவைக்கவில்லை. எடுத்துவந்து எழுதினேன்: எரிச்சல், உரத்த பேச்சு, நோய் திரும்பும் அறிகுறி. தேதி போட்டேன், கையெழுத்தும் போட்டேன்.

அவர் எதிரிலேயே நின்றிருந்தார். "எனுக்குக் கோவம் வந்துச்சு, சிஸ்டர். அவ்ளோதான். இத எழுதனா வேல பூடும்."

"தெரியும்பா" என்றேன். தெரிந்துதான் எழுதினேன். டாக்டரிடம் பயம், வேறொன்றுமில்லை.

அந்த வாரமே அவரை நிறுத்திவிட்டார்கள். வேலைக்கு வந்ததிலிருந்து அன்று வரை அவர் ஒரு மாத்திரைகூடத் தவறவிட்டதில்லை.

கன்னியம்மாவுக்கு டோஸ் ஏறியது. "அந்த அண்ணன் எங்க?" என்று கேட்டாள்.

"உடம்பு சரியில்ல" என்றேன்.

"நல்லாத்தான இருந்தாரு?"

அதற்குப் பிறகு அவள் எங்களிடம் பேசவில்லை. தலையணை உறையை மாற்றும்போது மாத்திரைகள் கொட்டின.

இப்போது வார்டில் இருக்கும் பிள்ளைகளே, உங்களிடமும் இப்படி ஒருவர் வேலைக்கு வருவார். முதலில் அவருடைய பழைய ஃபைலை உங்கள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டச் சொல்லுங்கள். அவருக்குக் கோபம் வந்தால், எதற்கென்று அவரிடமே கேளுங்கள். எனக்கு இந்தப் புத்தி காலம் கடந்து வந்தது. எங்கள் ஸ்டாஃப் ரிஜிஸ்டரில் எந்தப் பக்கத்திலும் முனிரத்தினத்தின் கையெழுத்து கிடையாது. அவருடைய கேஸ் ஷீட்டில் என் கையெழுத்து இருக்கிறது.