அயர்லாந்துக்காரரின் இடுப்பில் இருந்த துப்பாக்கியும் யோகண்ணையும்

யோகண்ணை இன்று காலை போய்விட்டார். எசன் நகர ஆஸ்பத்திரியில்... ஹார்ட் அட்டாக். மகள் வாட்ஸப்பில் அனுப்பிய ஒற்றை வரியை நாலு தடவை படித்தேன்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. நான் ஜெர்மனிக்கு வந்த புதிதில் வேலை பார்த்த ஏலக் கம்பெனியில் அவர் பேக்கிங் செக்‌ஷன். யாழ்ப்பாணத்துக்காரர். பீங்கான், கடிகாரம், எதுவானாலும் அவர் சுற்றிக் கட்டினால் உடையாது.

நான் பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து கேட்டலாக்கில் போடும் ஆள். மதுரைக்காரன், வாய் சும்மா இருக்காது.

இதை எழுதலாமா என்று அவர் மனைவியிடம் போனில் கேட்டேன். "ஆர் இனி அவரை விசாரிக்கப் போகினம்? எழுதுங்கோ" என்றார் அக்கா.

ஆறு வருடம் இருக்கும். கோட் சூட் போட்ட ஒருவர் பழைய ஜெர்மன் கைத்துப்பாக்கி ஒன்றை விற்கக் கொண்டு வந்தார். கூடவே ஒரு போட்டோ.

நூறு வருடத்துக்கு முந்தைய அயர்லாந்துப் புரட்சிக்காரர் ஒருவர் அதில் நிற்கிறார். வரலாறு படித்தவர்களுக்குத் தெரிந்த முகம். இடுப்பில் மூடிய தோலுறை. அதற்குள் இருப்பது இந்தத் துப்பாக்கிதான் என்று விற்க வந்தவர் சாதித்தார்.

உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஆனால் எங்கள் முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. படத்தைப் பெரிதாக்கி, எப்படியாவது அதே துப்பாக்கிதான் என்று காட்டச் சொன்னார்.

உறை ஸ்கிரீன் முழுக்க நிறைந்திருந்த நேரம் யோகண்ணை டேப் எடுக்க வந்தார். ஒரு பார்வைதான் பார்த்தார்.

"இது அந்தத் துவக்கு இல்லைத் தம்பி. அது தட்டையான சாமான். இந்த உறை நடுவிலை வீங்கிக் கிடக்குது, வடிவாப் பாருங்கோ. குண்டு போடுற உருளை இருக்கிற இடம் அது. உள்ளுக்கை இருக்கிறது ரிவோல்வர்."

மழையிலும் வெயிலிலும் கிடந்தால் தோல், உள்ளே இருக்கும் பொருளின் வடிவத்துக்கே வந்துவிடுமாம். பிறகு பொருளை எடுத்துவிட்டாலும் அந்த வீக்கம் போகாதாம்.

எப்படி அண்ணே இதெல்லாம் தெரியும் என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. கதவு வரை போனவர் திரும்பி வந்தார்.

"பத்தொன்பது வயசிலை ரெண்டு வருசம் இடுப்பிலை கட்டித் திரிஞ்சனான். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

அகதியாக வந்தபோது, ஆயுதம் தொட்டதே இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். அதற்குப் பயந்தே இத்தனை வருடம் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை. இப்போதுதான் மகள் பிடிவாதமாக அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போட்டிருந்தாள். அடுத்த வாரம் ஆபீசில் நேரில் வரச் சொல்லி டெர்மின்.

யாழ்ப்பாணத்தில் ஒரு தங்கச்சி. பார்த்து முப்பது வருடம். ஜெர்மன் பாஸ்போர்ட் கையில் இருந்தால்தான் பயமில்லாமல் போய்வரலாம்... இதையெல்லாம் டேப்பைக் கையில் பிடித்தபடி நின்றே சொன்னார்.

யாருக்கும் சொல்லமாட்டேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மறுநாள் மீட்டிங். விற்க வந்தவரும் உட்கார்ந்திருந்தார். துப்பாக்கி மேஜைமேல். அதைத் திரும்பப் பெட்டியில் வைக்க யோகண்ணை சுவரோரம் நின்றார்.

"புரட்சியாளரின் இடுப்பில் இருந்த அதே துப்பாக்கி" என்று முதலாளி வாசித்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. கொஞ்சம் பெருமையும்தான், ஒப்புக்கொள்கிறேன். எழுந்து உறையின் வீக்கத்தைக் காட்டி எல்லாம் சொன்னேன்... நானே கண்டுபிடித்த மாதிரி.



எங்கள் முதலாளி வார இறுதியில் வேட்டைக்குப் போகிறவர். துப்பாக்கியோடு பழகியவர்களுக்கே இது தெரியும் என்று அறிந்தவர். உனக்கு இது எப்படித் தெரியும் என்றார். நெட்டில் படித்தேன் என்றேன். எந்தப் பக்கம்? ஏதோ புத்தகம் என்றேன். எந்தப் புத்தகம்?

விற்க வந்தவர் முகம் சிவந்துவிட்டது. தன்னைப் பொய்யன் என்கிறவரின் பெயரும் தகுதியும் எழுத்தில் வேண்டும் என்றார், வக்கீலிடம் போவதாகவும் சொன்னார். என் விசாவே இந்த வேலையை நம்பித்தான் இருந்தது.

யோகண்ணை பக்கம் திரும்பவே கூடாது என்று நினைத்தேன்.

திரும்பிப் பார்த்துவிட்டேன். என் கண் போன இடத்துக்கு முதலாளியின் கண்ணும் போனது.

யோகண்ணை ஒரு அடி முன்னால் வந்தார். "நான்தான் அவருக்குச் சொன்னேன், எனக்குத் தெரியும்" என்று ஜெர்மனில் சொன்னார். அவ்வளவுதான். எப்படித் தெரியும் என்று முதலாளி கேட்கவில்லை. கேட்டலாக்கில் இருந்து அந்தப் பக்கத்தை எடுக்கச் சொன்னார்.

ஆனால் விற்க வந்தவர் எழுந்து போகுமுன் யோகண்ணையின் முழுப்பெயரைக் கேட்டு, எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லி, ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் யோகண்ணை டெர்மினுக்குப் போகவில்லை. அன்ட்ராக்கைத் திரும்ப வாங்கிவிட்டார். மகள் அழுதாளாம். ஏன் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அந்தத் தாளை வைத்து யாரும் எதுவும் செய்யவில்லை. ஒரு கடிதம் வரவில்லை, ஒரு போன் வரவில்லை. ஆறு வருடமும் அவர்தான் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. வெள்ளிக்கிழமைகளில் எனக்கென்று தனி டப்பாவில் இடியப்பமும் சம்பலும் கொண்டுவருவதையும் நிறுத்தவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒவ்வொரு வெள்ளியும் அதைச் சாப்பிட்டுவிட்டு டப்பாவைக் கழுவிக் கொடுத்தேன்.

மன்னிப்புக் கேட்க ஒருமுறை வாயெடுத்தேன். "விடுங்கோ, சாப்பிடுங்கோ" என்றார்.

போன மாதம் எனக்கு ஜெர்மன் பாஸ்போர்ட் வந்தது, அண்ணே. இங்கேயே போட்டோ போட்டேன், முந்நூறு லைக் வந்தது. உங்களுக்கு மட்டும் போன் பண்ணிச் சொல்லவில்லை.

நீங்கள் லைக் போட்டிருந்தீர்கள்.

சனிக்கிழமை தகனம். யாழ்ப்பாணத்தில் இருந்து உங்கள் தங்கச்சி வீடியோவில் பார்ப்பாராம். போனை நான்தான் பிடிக்கப் போகிறேன்... போயிட்டு வாங்க, அண்ணே.