மஞ்சளாக வந்த எச்சரிக்கை

கடையில் ஆயத்த ரவிக்கையைக் கையில் எடுத்தால் சரிதா நிறத்தைப் பார்க்க மாட்டாள். உள்பக்கமாகத் திருப்பித் தையல் ஓரத்தை விரலால் நீவுவாள். மடித்து விட்ட துணி இரண்டு விரல் அகலம் இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுவாள். "பிரிச்சு உட்டுக்க எடமில்லாத துணி யாருக்குங்க ஆகும்? போடறவங்க ஒடம்பு நாம சொல்ற மாதிரியா இருக்கும்?" என்பாள் கடைக்காரரிடம், தலையை நிமிர்த்தாமலே.

அவள் பிழைப்பும் அதுதான். துணிக்குப் பதில் கணினித் திரை. நாமக்கல்லில் டயர் கடைக்கு மேல்மாடியில் நாலு பேர் உட்கார்ந்து லாரி பாடி கட்டுகிறவர்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கோழிப்பண்ணைகளுக்கும் வெப்சைட்டும் ஆப்பும் செய்து தருகிற அறை. ஆளாளுக்குப் புதிதாகப் பொத்தானும் பெட்டியும் செய்துகொண்டிருக்க முடியாது. சரிதா ஒருமுறை செய்து வைப்பாள். அதையே எல்லாருக்கும் எடுத்துப் போடுவார்கள். காம்போனென்ட் என்று அதற்குப் பெயர். நிறம், சத்தம், வாசகம் எதையும் அவரவர் விருப்பப்படி மாற்றிக்கொள்ள அதில் இடம் விட்டிருப்பாள். லாரிக்காரர் ஒருவர் தன் பொத்தானில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருக்கிறார். அறையில் அவளுக்கு 'டெய்லரம்மா' என்று பேர். கேலிதான். உள்ளூர அவளுக்கு அது பிடிக்கும்.

குமாரபாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். பஸ்ஸில் பக்கத்து ஆள் செல்போனைத் திறந்தால் அவள் கண் தானாகப் போய்விடும். என்ன படிக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. கட்டைவிரல் எந்த மூலைக்குப் போகிறது என்று பார்ப்பாள்.

முருகானந்தத்தின் கோழிப்பண்ணைக்கு அவள் செய்து கொடுத்தது ஓர் எச்சரிக்கைப் பெட்டி. அவருடைய கொட்டகை இரண்டும் நாலு பக்கமும் அடைத்தவை. பெரிய விசிறிகள் சுற்றினால்தான் உள்ளே கோழிக்கு மூச்சு. விசிறி நின்றால், பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் ஈஸ்வரின் போனில் சிவப்பாக ஒரு பெட்டி வந்து அலறும். உடனே அந்தக் கொட்டகைக்கு ஜெனரேட்டரைப் போட்டாக வேண்டும். சித்திரை வெயிலில் தாமதித்தால் ஒன்றும் மிஞ்சாது.

"எல்லாத்தையும் நானே மாத்திக்கலாமா, அம்மிணி?" என்று முருகானந்தம் கேட்டார்.

"ஆமாங்ண்ணா. உங்களுக்கு எப்படி வேணுமோ அப்படி."

அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த பெருமையை மேல்மாடி அறை முழுதும் பார்த்தது.

பண்ணையிலிருந்து போன் வந்த மத்தியானம், சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடாமலே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள். முதல் கொட்டகை வாசலிலேயே கால் நின்றுவிட்டது. கோழிப்பண்ணைக்குள் இப்படிச் சத்தமே இல்லாமல் இருக்க முடியும் என்று அவள் நினைத்ததில்லை. வரிசை வரிசையாகக் கூண்டுக் கம்பிக்கு வெளியே கழுத்துகள் தொங்கின. எல்லா அலகுகளும் திறந்திருந்தன. கீழே சரிவுத் தட்டில் காலையில் இட்ட முட்டைகள் மட்டும் ஒழுங்காக உருண்டு வந்து நின்றிருந்தன. ஒன்றைத் தொட்டாள். சுட்டது.

"பெட்டி வரலைங்களா?" ஈஸ்வரைக் கேட்டாள்.

"வந்துச்சுங்க்கா. வர்றப்பெல்லாம் மூடி மூடி உட்டுட்டேன்." ஈஸ்வர் போனை நீட்டினான்.

திரையில் மஞ்சள். பூசுமஞ்சள் நிறத்தில் பெட்டி, குங்கும நிறத்தில் ஓரம், நடுவில் பூப்பூவாக எழுத்து: நல்லதே நடக்கும். சத்தம் இல்லை.

"செவப்பு வேண்டாம்னு ஊட்ல சொன்னாங்க," என்றார் முருகானந்தம். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "கண்ணத் தொறந்தா ரத்தமாட்டம் இருக்குதுன்னாங்க. ஆபத்துன்னு எழுத்து வேற. உசுரு நிக்கற எடத்துல அந்தச் சொல்லு ஆகுங்களா? அதான் சத்தத்த நிறுத்திட்டு நல்ல வார்த்தையா மாத்துனேன். இவன்கிட்டச் சொன்னேன்ல?"

"எங்கீங்க சொன்னீங்க? காத்தால காத்தால வாட்சப்ல வருமே, அந்த மாதிரின்னு இருந்துட்டேன். நல்ல சேதிதானேன்னு மூடுனனுங்க."

"நல்ல சேதி எத்தன வாட்டிடா வரும்?"

"உங்க சொந்தக்காரங்க அனுப்பறது அத்தன வாட்டி வருதுங்களே!"

சரிதா அந்த மஞ்சள் பெட்டியையே பார்த்தாள். நிறத்துக்கு இடம் விட்டாள், சத்தத்துக்கு விட்டாள், வாசகத்துக்கு விட்டாள். விசிறி நின்றிருக்கும்போதே பெட்டியை மூடிவிட, மூலையில் ஒரு பெருக்கல் குறியும் அவள்தான் வைத்தாள். பிரிக்க முடியாத தையல் ஒன்றுகூட அதில் இல்லை. முருகானந்தம் ஒரு தவறான பொத்தானையும் அழுத்தவில்லை.

அப்போது ஈஸ்வரின் கையில் திரை மறுபடி மினுங்கியது. மஞ்சள். நல்லதே நடக்கும். கீழே பொடி எழுத்தில்: கொட்டகை 2.

செத்ததைப் பார்த்து மரத்து நின்றவன் அதைப் படிக்கவில்லை. பழக்கத்தில் அவன் கட்டைவிரல் மட்டும் தானாக மூலைக்குப் போனது. ஆண்கள் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பேசாத சரிதா, பாய்ந்து அந்த விரலைக் கைக்குள் பொத்திப் பிடித்தாள்.

"அண்ணா, ரெண்டாவது! ஓடுங்க!"

முருகானந்தம் செருப்பை விட்டுவிட்டு ஜெனரேட்டர் அறைக்கு ஓடினார். பக்கத்துக் கொட்டகையில் கோழிகளின் கூச்சல் ஏறிக்கொண்டிருந்தது. "விடுங்க்கா, வலிக்குது," என்றான் ஈஸ்வர். விசிறிகளின் இரைச்சல் மறுபடி எழும்வரை அவள் அந்த விரலை விடவே இல்லை.