பத்தொன்பது கோணல் வட்டங்கள்

லிஃப்ட் கம்பெனியில் அவருக்கு ஸ்பேனர் என்றுதான் பெயர். இருபத்தெட்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்ப்பவர். போல்ட் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்க ஒரு கருவி உண்டு. சரியான இறுக்கம் வந்தால் 'டிக்' என்று சத்தம் போடும். மற்றவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள். இவர் வெறும் ஸ்பேனரால் முடுக்கிவிட்டு, "இப்ப வச்சுப் பாரு" என்பார். வைத்த மாத்திரத்தில் 'டிக்'. நாளடைவில் இவர் முடுக்கியதை அளந்து பார்ப்பதையே எல்லோரும் விட்டுவிட்டார்கள். அப்புறம் போல்ட்டின் தலையிலிருந்து தகடு வரைக்கும் சிவப்பு பெயிண்டால் ஒரு கோடு இழுப்பார். போல்ட் பின்னால் இளகித் திரும்பினால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். தான் இழுத்த கோடு உடைந்த சரித்திரமே இல்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். மறுத்துப் பேச ஆள் இருந்ததில்லை.

அப்படிப்பட்டவரைக் கழுத்து நரம்பு அழுத்தம் வந்து உட்கார வைத்தது. வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போயின. நான்கு மாத மருத்துவ விடுப்பு. வலி போய்விட்டது, மரமரப்பு மட்டும் மிச்சம் என்று டாக்டரிடம் சொன்னபோது, "செஞ்சு பாத்தாதான் தெரியும்" என்றார் டாக்டர். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும். 'தகுதியாக இருக்கிறேன்' என்று இவரே கையெழுத்துப் போட வேண்டிய படிவம் அலமாரியில் கிடந்தது.

சும்மா இருந்தால் அப்பா வீட்டையே கழற்றிப் போட்டுவிடுவார் என்று பயந்து, வெளியூரிலிருக்கும் மகள் ஒரு சிஎன்சி ரவுட்டரை அனுப்பியிருந்தாள். கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால் பலகையில் அப்படியே வெட்டித் தரும் சின்ன மெஷின். பாகம் பாகமாக வந்ததை இவரே பால்கனியில் பூட்டினார். சுவர்க் கடிகாரத்துக்கு ஒரு வட்ட முகம் வெட்டலாம் என்று ஆரம்பித்தார். தொடங்கிய இடத்துக்கே கோடு திரும்பி வர வேண்டும் அல்லவா? வரவில்லை. ஒரு விரல்கடை தள்ளி வந்து நின்று, 'என்ன செய்வாய்' என்பதுபோல் பார்த்தது. அன்றைக்கே மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார்: வட்டம் மூடினால் விடுப்பு முடியும் திங்கட்கிழமை வேலைக்குப் போவது, மூடாவிட்டால் இல்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று வாரம் மெஷினோடு மல்லுக்கட்டினார். வேகத்தைக் குறைத்தார். மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கூட்டினார். வயர்களைப் பிரித்துத் தள்ளித் தள்ளிக் கட்டினார். சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். இடது மோட்டாரை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றினார். ஒன்றும் மசியவில்லை. கோணல் பலகைகளை மனைவி சூடான பாத்திரம் இறக்கி வைக்க எடுத்துக்கொண்டாள்.

"பாத்திரம் ஆறுதாங்க இருக்கு, பலகை பத்தொன்பது ஆயிடுச்சு. அடுத்தது பாத்திரமே வெட்டிக் குடுத்துடுங்க" என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சோறு இறங்காத நாட்கள் அவை.

மோட்டாரையும், வெட்டும் முனையை நகர்த்தும் மரைத்தண்டையும் ஒன்றாகக் கவ்விப் பிடிப்பது கப்ளிங். அதை இறுக்கிப் பிடிப்பது ஒரு குட்டித் திருகு. எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட மனிதர் அந்தத் திருகை மட்டும் சந்தேகப்படவில்லை. ஏனென்றால் அதை முடுக்கியது அவர். சனிக்கிழமை மதியம், வேறு வழியே இல்லாமல் போனபோதுதான், இந்தச் சின்ன மெஷினுக்குப் போய்க் கோடு எதற்கு என்று முனகிக்கொண்டே தண்டுக்கும் கப்ளிங்குக்கும் குறுக்கே சிவப்பு மார்க்கரால் கோடு இழுத்தார். மெஷினை ஓட்டினார். இரண்டாவது நிமிடத்தில் கோடு உடைந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினார். புதுக் கோடு போட்டார். உடைந்தது. இன்னும் முடுக்கினார். அதுவும் உடைந்தது.

"மட்டமான திருகு. இங்க வா கொஞ்சம்" என்று மனைவியைக் கூப்பிட்டார். "நான் கப்ளிங்கை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கறேன். திருகு முடுக்கற இந்தச் சாவியை நீ திருப்பு. திரும்பாது, சும்மா பாரு."

அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு திருப்பினாள். சாவி சாவகாசமாக அரைச் சுற்று போயிற்று.

"லூசாத்தாங்க இருந்துச்சு" என்றாள்.

"பலமா திருப்பினியா?"

"இல்லையே. ஊறுகாய் பாட்டில் மூடற மாதிரிதான்."

மெஷின் ஓடியது. கோடு உடையவில்லை. இருபதாவது பலகையில் வட்டம் நகர்ந்து நகர்ந்து போய், தொடங்கிய இடத்தில் கச்சிதமாக வந்து சேர்ந்தது.

"வந்துடுச்சுங்க!" அவள் நிஜமாகவே கை தட்டினாள். "இதுக்கா மூணு வாரம் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தீங்க?"

அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறுகிவிட்டது என்று அவை சத்தியம் செய்திருந்தன. இருபத்தெட்டு வருடம் பொய் சொல்லாத விரல்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இந்தக் கட்டடத்து லிஃப்ட் மேலே ஏறும் சத்தம் கேட்டது. அதுவும் விடுப்புக்கு முன்னால் அவர் பழுது பார்த்த லிஃப்ட்தான்.

போனை எடுத்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். பக்கத்திலேயே நின்று மனைவியும் கேட்டாள்.

"தம்பி, லீவுக்கு முந்தின மாசம் நான் பாத்த லிஃப்ட் பதினொண்ணு. பிரேக் போல்ட் எல்லாத்தையும் திரும்ப அளக்கணும்."

"என்னண்ணே, நீங்க கை வச்சதையா?"

"நான் கை வச்சதனாலதான்."

"கோடு போட்டிருப்பீங்களே?"

"கோடு போட்டேன். இறுகியிருந்துச்சான்னு எனக்கே தெரியலப்பா."

"விரல் எப்பலேர்ந்து மரத்துப்போச்சு?"

"அந்த மாசமே. சொல்லலை. சரியாயிடும்னு நெனச்சேன்."

"எல்லாத்தையும் உடனே நிறுத்தச் சொல்றேன். உங்க பில்டிங்ல நீங்களே நிறுத்திடுங்கண்ணே" என்றான். திங்கட்கிழமை பற்றி அவனும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

மொட்டைமாடியில் லிஃப்ட் மோட்டார் அறைக்குப் போய் மெயின் சுவிட்சை அணைத்தார். கீழே வந்து ஒரு கோணல் பலகையில் 'பழுது' என்று சிவப்பு மார்க்கரால் எழுதினார். லிஃப்ட் கதவில் கட்டப் போனால் கயிறு விரலில் நிற்கவில்லை. மனைவி வாங்கி முடிச்சுப் போட்டாள். அழக்கூடாது என்று இருவருமே லிஃப்ட் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

காய்கறிப் பையோடு வந்த ஆறாவது மாடிக்காரம்மா பலகையைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீங்க இருக்கும்போதே பழுதா? அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடுவீங்க. நான் இப்படியே உக்காந்துக்கறேன்."

"உக்காராதீங்கம்மா" என்றார் அவர். "படியில ஏறிப் போயிடுங்க. இதைப் பாக்க வேற ஆள் வருவாங்க."